விலை தானாக வரும், மற்றதை நாம்தான் எழுத வேண்டும்

முதலீட்டுக் கணக்குகளைப் பராமரிப்பது என் வேலை. வாடிக்கையாளர்களின் பங்குகளை எங்கள் அலுவலகத்தில் கூகுள் ஷீட்ஸ் என்ற இணைய விரிதாளில்தான் பதிந்து வருகிறோம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதலில் பிடித்துப்போவது கூகுள்ஃபைனான்ஸ் ஃபார்முலா. சந்தையின் சுருக்கப் பெயரையும் பங்கின் சுருக்கப் பெயரையும் கொடுத்தால் போதும், விலை செல்லில் வந்து உட்கார்ந்துவிடும். 20 நிமிடம் வரை தாமதமாகலாம். அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்பவருக்கு அது சரிப்படாது. ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

நான் அவர்களை உட்காரவைத்துக் காட்டுவது அதே ஷீட்டின் வேறொரு டேப்பை. பார்க்க அழகே இல்லாத டேப் அது. தேதி, பங்கு, எண்ணிக்கை, விலை, தரகுக் கட்டணம். வாங்கினால் ஒரு வரி, விற்றால் ஒரு வரி, டிவிடெண்ட், அதாவது நிறுவனம் லாபத்திலிருந்து தரும் பணம், வந்தால் ஒரு வரி. போட்ட வரியை அப்புறம் யாரும் திருத்தக்கூடாது என்பது எங்கள் வழக்கம். கையிருப்பு, சராசரி விலை, லாப நட்டம் எல்லாம் இங்கிருந்துதான் பிறக்கின்றன.

திருத்தாமல் எப்படிச் சமாளிப்பது என்று கேட்பார்கள். அதற்கு ஆப்பிளை உதாரணம் சொல்வேன். 2020 ஆகஸ்டில் அந்த நிறுவனம் ஒரு பங்கை நான்காகப் பிரித்தது. வெள்ளிக்கிழமை 500 டாலரை ஒட்டி முடிந்த பங்கு, திங்கட்கிழமை 130 டாலருக்குக் கீழே நின்றது. ஒருவர் 300 டாலர் வீதம் 40 பங்கு வாங்கியிருந்தார் என்று வையுங்கள். புது விலை தானாக ஷீட்டுக்குள் வந்துவிடும். பங்கின் எண்ணிக்கை மட்டும் 40 என்றே நிற்கும். நல்ல லாபத்தில் இருப்பவரின் கணக்கு அன்று காலை பெரிய நட்டமாகச் சிவந்து தெரியும். அதற்காகப் பழைய வரியில் கை வைக்க வேண்டியதில்லை. பிரிப்பு நடந்த தேதியில் ‘120 பங்கு, விலை பூஜ்யம்’ என்று புது வரி ஒன்று போட்டால் போதும். மொத்தம் 160 ஆகிவிடும், சராசரி விலை 75 டாலருக்கு இறங்கிவிடும், போட்ட முதல் 12,000 டாலர் அப்படியே இருக்கும். நிறுவனம் இலவசமாகத் தரும் போனஸ் பங்குக்கும் இதே முறைதான்.

தேதி சரியாக இருந்தால்தான், பணம் போட்ட நாட்களை வைத்து ஆண்டு வருமானத்தைக் கணக்கிடும் எக்ஸ்ஐஆர்ஆர் ஃபார்முலாவுக்கும் அர்த்தம். ஜனவரி தொடக்கத்தில் 10,000, டிசம்பர் தொடக்கத்தில் இன்னொரு 10,000 போடுகிறார் ஒருவர். ஆண்டு முடிவில் மதிப்பு 21,000. போட்ட பணத்தோடு ஒப்பிட்டால் லாபம் 5 சதவீதம். ஆனால் இரண்டாவது தொகை உள்ளே இருந்தது ஒரே மாதம்தானே? எக்ஸ்ஐஆர்ஆர் அதையும் கணக்கில் எடுத்து, ஆண்டு வருமானம் 9 சதவீதத்துக்கு மேல் என்று காட்டும். மாதாமாதம் பணம் போடுகிறவருக்கு இதைக் காட்டாமல் வெறும் சதவீதத்தைச் சொல்வது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று. சில நாள் ஏதாவதொரு பங்குக்கு விலை வராமல் பிழை விழும், கூட்டுத்தொகையும் சேர்ந்து கெடும். உடனே, பிழைக்குப் பதில் நாம் சொல்வதைக் காட்டும் இஃப்எரர் ஃபார்முலாவைப் போட்டுப் பூஜ்யமாக்கிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். பிழை கண்ணில் படட்டும். பூஜ்யமாக்கினால் ஒரு பங்கின் மதிப்பே மொத்தத்திலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போகும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அந்த டேப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, வாங்கிய வரியின் ஓரத்தில் இருக்கும் கடைசிக் கட்டம். அதில் எண்ணே கிடையாது. ‘ஏன் வாங்கினோம்’ என்று தலைப்பு. ‘கடன் குறைந்து வருகிறது, இரண்டு ஆண்டு பார்ப்போம்’ என்பது மாதிரி ஒரே வரி. சந்தை விழும்போது வாடிக்கையாளர் பதற்றத்தோடு கூப்பிடுவார். ‘விற்றுவிடலாமா?’ என்பார். விலையை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், அதை நான் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த வரியைப் படித்துக் காட்டுவேன். கடன் இன்னும் குறைகிறதா என்று இருவருமாகப் பார்ப்போம். குறையவில்லை என்றால், விலை ஏறியிருந்தாலும் விற்பதைப் பற்றிப் பேசத் தொடங்குவோம்.