வாடைக்கும் சோளகத்துக்கும் இடையில்

வவுனியாவில் இருந்து கிளிநொச்சி ஏறத்தாழ 75 கிலோமீற்றர். ரயிலில் போனால் இருக்கையும் காற்றும் நிச்சயம். ஆனால் முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கிக் கச்சான் கடலை வாங்க முடியாது. ஆகவே பஸ்.

மாசி முடிய ஒரு கிழமை இருந்த சனிக்கிழமை அது. சட்டைப்பையில் நான்காக மடித்த ஒரு தாள். மார்ச் 21 உலகக் கவிதை நாளையொட்டி ஒரு சிறப்பு மலர் வெளிவருகிறதாம்; ‘வசந்தம்’ என்ற தலைப்பில் 24 வரிக்கு மிகாமல் ஒரு கவிதை வேண்டுமாம். யுனெஸ்கோ 1999இல் அந்த நாளை அறிவித்தபோது வன்னிக்காரனைப் பற்றி யோசித்திருக்காது. பகலும் இரவும் சமமாகி வடக்கு நாடுகளில் வசந்தம் பிறக்கிற நேரம் அது. இங்கே கிணற்று நீர் இறங்கத் தொடங்குகிற நேரம். கேட்டவருக்கு நான் கொஞ்சம் கடமைப்பட்டவன், மறுக்க வாய் வரவில்லை. இரண்டு கிழமையாக முதல் வரியிலேயே நிற்கிறேன். வசந்தம் என்று எழுதியதுமே எங்கிருந்தோ தென்றல் வந்துவிடுகிறது, அதன் பின்னால் குயில், குயிலுக்குப் பின்னால் ஒப்பனை போட்ட நாலைந்து மலர்கள். என் ஐம்பது வயதுக்கு இவர்கள் எல்லோரும் சேர்ந்து ஓமந்தையைத் தாண்டி வந்ததை நான் கண்டதில்லை.

கிளிநொச்சியில் எழுதுகிற நண்பர்கள் மூவர் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற தமிழாசிரியர், எங்களுக்கெல்லாம் மாஸ்டர்; வெண்பா எழுதுவார், மற்றவர்களின் வெண்பாவில் தளை தட்டுகிற இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்வார். தாதியாக வேலை செய்கிற அக்கா. இரவுக் கடமையில் நோயாளிகள் தூங்கிய பிறகு எழுதுகிறவர். மூன்றாவது, இரணைமடுக் குளத்தின் கீழ் வாய்க்கால் கடைசியில் வயல் செய்கிற தம்பி. கைபேசியில் எழுதுவான், உழவு இயந்திரத்தில் இருந்தபடியே அனுப்புவான், எழுத்துப்பிழையைக் கேட்டால் குலுக்கல் என்பான். முல்லைத்தீவில் இருந்து இன்னொருவர் ஞாயிறு வருவதாகப் பேச்சு. சனி பின்னேரம் குளக்கட்டு, ஞாயிறு காலை மருதமர நிழலில் ஆளுக்கு இரண்டு கவிதை, மதியம் சாப்பாடு. திட்டம் அவ்வளவுதான்.

ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் என்று பஸ் போனது. மழையை நம்பிச் செய்கிற காலபோக நெல் அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோலைத் தேடி மாடுகள். சில இடங்களில் அரசமரம் முழுவதும் செம்புத் தகடு போலத் தளிர்விட்டு நின்றது. பாலை மரமும் வீரை மரமும் அப்படி எதையும் காட்டிக்கொள்ளவில்லை. அதே கரும்பச்சை, அதே புழுதி. முறிகண்டியில் சாரதி வழக்கம்போல் இறங்கிக் கர்ப்பூரம் கொளுத்திவிட்டு வந்தார். புதுக் கச்சான். சுண்டில் அளந்து கொப்பித்தாள் சுருளில் கொட்டித் தந்த அம்மா, கை நிறைய மேலதிகமாக அள்ளிப் போட்டார். சுருளைத் திருப்பிப் பார்த்தேன். யாரோ ஒரு பிள்ளை நெடும் பிரித்தல் கணக்கில் மீதியைத் தொலைத்திருந்தது.

மாங்குளத்திலேயே அக்காவின் அழைப்பு வந்திருந்தது. “வாருங்கள் தம்பி, ஆனால் பழப்புளி காயப்போட்டிருக்கிறேன். இந்தக் கிழமை உடைக்காவிட்டால் மழை ஏதும் தூறினால் எல்லாம் போய்விடும். கவிதையை வளவிலேயே வைத்துக்கொள்வோம்.” மாஸ்டருக்கு அழைத்தேன். அவருக்கு ஞாயிறு வேறு வேலை: தம்பியின் வாய்க்கால்காரருக்கு ஒரு விண்ணப்பக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும், திங்கள் சிறுபோக வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிற கூட்டம். தம்பிக்கு அழைத்தால், “அண்ணை, கவிதை ஒன்றும் கொண்டுவரவில்லைத்தானே?” என்று நிம்மதியாகக் கேட்டான்.

பின்னேரம் மட்டும் திட்டப்படி நடந்தது. இரணைமடுச் சந்தியில் என்னை ஏற்றிக்கொண்டு தம்பி குளக்கட்டுக்குப் போனான். மாஸ்டர் முன்பே வந்து, துண்டை விரித்துக் குளக்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். அங்கே உட்கார்ந்தால் அவர் சொல்கிற பாடம் எங்களுக்கு மனப்பாடம்: இரணை என்றால் இரட்டை, இரண்டு மடுக்களை ஒன்றாக்கிய குளம், 1902இல் வேலை தொடங்கி 1920இல் முடிந்தது, கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டியது. அன்றும் சொன்னார். நாங்களும் புதிதாகக் கேட்பது போல் கேட்டோம். 36 அடி கொள்ளும் குளம் சில அடி இறங்கி, அலைகரைப் பக்கம் ஈர மண் ஒரு கரையாகத் தெரிந்தது. நீர்க்காகங்கள் பட்டமரத்தில் சிறகை விரித்துக் காயப்போட்டிருந்தன. கனகாம்பிகை அம்மன் கோவில் மணி ஒருதரம் கேட்டது.

தலைப்பைச் சொன்னேன். மாஸ்டர் உடனே விரல் மடக்கினார். “கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இளவேனிலுக்குச் சித்திரையும் வைகாசியும். மாசியும் பங்குனியும் பின்பனி. இப்போது வசந்தம் எழுதினால் ஒரு பருவம் முந்திவிடுவீர்.”

“பனி எங்கே மாஸ்டர்?” என்றான் தம்பி. “காலை ஏழரைக்கே முதுகு எரிகிறது.”

“இலக்கணத்துக்கு முதுகு கிடையாது, தம்பி.”

பிறகு அவரே கொஞ்சம் இறங்கி வந்தார். காடும் காடு சார்ந்த இடமும் முல்லை. நாங்கள் முல்லை நிலத்துக்காரர். முல்லைக்குரிய பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. பிரிந்து போன தலைவன் மழை தொடங்க முன் திரும்பி வருகிற நிலம். ஆகவே காட்டுக்காரனுக்குக் காத்திருக்கிற பருவம் என்றால் அது மழைதான், வெயில் அல்ல. இது எனக்குப் பிடித்திருந்தது. மறுநாள் அக்காவிடம் சொன்னபோது, “எங்கள் மழைக்காலத்தில் தலைவன் திரும்பி வந்தால் தலைவிக்கு முன்னால் டெங்கு அவனைப் பார்த்துவிடும்” என்றார். தாதிகளிடம் அகத்திணை பேசக்கூடாது.

இருள முன் கட்டுக்குக் கீழே பற்றைக்குள் ஆறுமணிக்குருவி கூப்பிட்டது. இரண்டே சுரம், தெளிவான விசில். கைபேசியைப் பார்த்தேன், ஆறு மணி பத்து நிமிடம். வாடையோடு இந்தியாவில் இருந்து வந்து இங்கே தங்குகிற குருவி, சித்திரைக்குள் திரும்பிப் போய்விடும். மற்ற ஊர்களில் வசந்தம் என்றால் பறவைகள் வந்து சேரும். எங்களிடம் அது பறவைகள் மூட்டை கட்டுகிற காலம். இதை 24 வரிக்குள் சொல்லலாமே என்று நினைத்தேன். மாஸ்டரின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிறு காலை அக்காவின் படலையைத் திறந்தபோது அவர் இரவுக் கடமை முடித்துக் குளித்து, தலைமுடியில் ஈரம் காய முன்பே பாயில் உட்கார்ந்துவிட்டிருந்தார். முற்றத்தில் இரண்டு ஓலைப்பாய் நிறையப் புளி. 2010இல் மீளக்குடியேறி வந்தபோது இந்த வளவில் வீடு இருந்த இடம் தெரியவில்லை, புளியமரத்தை வைத்துத்தான் கிணற்றையும் எல்லையையும் கண்டுபிடித்தார்கள். அக்கா இதை ஒருதரம் மட்டும் சொல்லியிருக்கிறார். அந்த மரத்தைப் பற்றி அவர் இதுவரை ஒரு கவிதையும் எழுதவில்லை.

புளி உடைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நன்றாகக் காய்ந்த புளியில் கோது பழத்தை விட்டு விலகி நிற்கும். கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே ஆள் இருப்பது கேட்கும். சிறு கட்டையால் ஒரு தட்டு, கோது பொரிந்து விழுந்துவிடும். தட்டு பலத்துப் போனால் கோது பழத்துக்குள் ஏறி, பிறகு ரசத்தில் பல்லில் கடிபடும். காம்பைப் பிடித்து இழுத்தால் நார் முழுவதும் ஒரு கொடியாகக் கழன்று வர வேண்டும், அறுந்தால் உங்கள் பாடு. பிறகு கத்தி நுனியால் முதுகை வகிர்ந்து கொட்டையை நெம்ப வேண்டும். மாஸ்டர் ஒவ்வொரு பழத்தையும் சீர் பிரிப்பது போல் கொட்டை கொட்டையாகப் பிரித்தார். அவர் பத்து உடைக்கிற நேரத்தில் அக்கா ஒரு சுளகு நிரப்பினார். என் பெருவிரலில் எப்போதோ பட்ட சிறு கீறல் ஒன்று இருந்தது. அப்படி ஒன்று இருப்பது முதல் பழத்தைத் தொட்ட பிறகுதான் எனக்கே தெரியும்.

பத்து மணிக்கு முல்லைத்தீவு நண்பர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். முன்னால் ஒரு பை, அதற்குள் நந்திக்கடல் இறால். பாயைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “கவியரங்கம் என்றுதானே சொன்னீர்கள்?”

“தொடங்கிவிட்டது” என்றார் அக்கா. “உட்காருங்கள்.”

அவரிடமும் வசந்தத்தைக் கேட்டேன். கேட்ட நால்வரில் யோசிக்காமல் பதில் சொன்னவர் அவர்தான். “வாடை விழுந்த பிறகு, சோளகம் எழும்ப முன்.” வடகிழக்கில் இருந்து வீசுவது வாடை, தென்மேற்கில் இருந்து வீசுவது சோளகம். மார்கழியிலும் தையிலும் வாடைக் கடல் படகைக் கரையிலேயே கட்டிப்போடும். மாசி முடிகிற பக்கம் ஒரு விடியலில் கரைக்குப் போனால் அலை சத்தம் குறைந்திருக்கும். அன்றைக்குக் கிழவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள், வலையைத் திருத்த எடுப்பார்கள். சோளகம் தொடங்கினாலும் கிழக்குக் கரையில் எங்களுக்குப் பயமில்லை. ஆனால் அந்த இடையில் கிடைக்கிற சில நாட்களைப் போல் வராது, கடல் ஆளைக் கூப்பிடும் என்றார். அவர் எழுதுகிற கவிதைகள் எனக்கு அவ்வளவு பிடிக்காது, எல்லாவற்றிலும் கண்ணீர் ஒரு குடம் இருக்கும். பேசுகிறபோது எங்கே வைத்துவிட்டு வருகிறாரோ அந்தக் குடத்தை.

அந்த நேரம் பார்த்து ரொறன்ரோவில் இருந்து அக்காவின் தங்கை குரல் செய்தி அனுப்பினார். அங்கே இன்னும் பனி குவிந்து கிடக்கிறதாம், நாட்காட்டியில் மட்டும் வசந்தத்துக்கு இரண்டு கிழமை இருக்கிறதாம். “வசந்தம் என்றால் இந்தப் பெரிய கோட்டைக் கழற்றி அலுமாரிக்குள் வைப்பது, அக்கா. வேறொன்றும் இல்லை.” கடைசியில், புளி அனுப்பி வைப்பீர்களா என்று ஒரு கேள்வி. அக்கா ஒரு பொதியைத் தனியாக ஒதுக்கி வைத்தார்.

பதினொரு மணியளவில் மாஸ்டர் கையைக் கழுவிவிட்டுக் கடிதத்தை எடுத்தார். விசயம் இதுதான். காலபோகத்துக்கு வானம் இருக்கிறது. சிறுபோகத்துக்குக் குளம் மட்டும். எவ்வளவு தண்ணீர், எத்தனை ஏக்கர், எந்த வாய்க்காலுக்கு என்று கூட்டத்தில் முடிவாகும். முடிவான பிறகு துருசு, அதாவது குளத்து மதகு, திறப்பார்கள். சென்ற ஆண்டு வாய்க்காலின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்குக் கிடைத்த தண்ணீர் கடைசிக்கு வந்து சேரும்போது வேட்டியைக் கூட நனைக்கவில்லை என்பது தம்பியின் கணக்கு. இந்த முறை கடைசிக் காணிகளுக்கு முறை வைத்து முதலில் விட வேண்டும் என்று கேட்கிறார்கள்.

ஐந்து கவிஞர்கள் சேர்ந்து ஒரு பக்கக் கடிதம் எழுதினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ‘தங்கள் மேலான கவனத்திற்கு’ என்பதில் ‘மேலான’ எதற்கு என்று அக்கா. ‘தாழ்மையுடன்’ வேண்டாம், தண்ணீர் பள்ளத்துக்குத்தானே வர வேண்டும், நாங்கள் பள்ளத்தில்தான் இருக்கிறோம், அது போதும் என்று தம்பி. மாஸ்டர் விட்டுக்கொடுக்கவில்லை. இருபது நிமிடம் ‘தாழ்மையுடன்’ நின்றது. கடைசியில் அக்கா புளியங்கொட்டை ஒரு பிடி அள்ளிக் கையை மூடிக்கொண்டு, “ஒற்றையா இரட்டையா?” என்றார். மாஸ்டர் இரட்டை என்றார். கொட்டி எண்ணினோம். பதினேழு. அறுபத்தெட்டு வயதுக்காரர் திரும்பவும் ஒருதரம் தானே எண்ணிப் பார்த்தார். ‘தாழ்மையுடன்’ போய்விட்டது.

தம்பி எழுதிக் கொண்டுவந்திருந்த மாதிரியில் இரண்டாம் பத்தி இப்படித் தொடங்கியது: ‘எங்கள் வாய்க்காலின் கடைசி வயல் அறுத்த தாளோடு வாய் திறந்து கிடக்கிறது.’ நாங்கள் நால்வரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம். மாஸ்டர் அதை இரண்டு தரம் வாசித்தார். பேனாவை எடுத்து ஒரு கோடு கீறினார்.

“நல்ல வரி. அதனால்தான் வெட்டுகிறேன்” என்றார். “இதைக் கண்டால் வாசிக்கிறவர் உன்னைப் பாராட்டிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார். அவருக்கு வேண்டியது ஏக்கர்.” அந்த இடத்தில் குடும்பங்களின் தொகையும் காணியின் அளவும் வந்தன. தம்பி முகம் கொடுக்காமல் புளியில் ஏறின கோதை நோண்டிக்கொண்டிருந்தான்.

இறால் கறி, புட்டு, மாங்காய்ப் பிஞ்சுச் சம்பல். மதியத்துக்குப் பிறகு யாருக்கும் கவிதை வாசிக்கிற எண்ணம் வரவில்லை. அக்கா பாயிலேயே தூங்கிப்போனார். கொட்டை நீக்கிய புளியை உப்புக் கலந்து பானையில் அழுத்துகிற வேலையை முல்லைத்தீவு நண்பர் செய்தார், கடற்கரைக்காரருக்கு உப்பின் கணக்கு கையில் இருக்கிறது. அடுத்த சந்திப்பு எப்போது என்று பேச்சு வந்தது. பங்குனி உத்தரத்துக்குப் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலில் சந்திப்போம் என்றார் மாஸ்டர். அன்று கடமை விழாமல் இருக்க வேண்டும் என்று அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

தம்பிதான் என்னைக் கிளிநொச்சி பஸ் நிலையத்தில் கொண்டுவந்து விட்டான். பஸ் புறப்படக் கால் மணி நேரம் இருந்தது. பிளேன்ரீ குடித்தோம். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசி மிடறில் கேட்டேன்.

“அந்த வெட்டின வரியை எனக்குத் தருவாயா?”

“எடுங்கள் அண்ணை” என்றான். பிறகு கோப்பையை வைத்துவிட்டு, “ஆனால் தண்ணீர் வந்த பிறகு போடுங்கள். இப்போது போட்டால் வராமல் விட்டுவிடும்.”

மலருக்கு அனுப்பக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. சிறுபோகத்துக்குத் துருசு திறக்கச் சித்திரையாகும். மடியில் ஒரு கிலோ புளி, தினசரித் தாளில் சுற்றியது. மாங்குளம் வருவதற்குள் தாளில் ஈரம் ஊறி, சட்டையெல்லாம் புளி மணம். பக்கத்து இருக்கை அம்மா பொதியைப் பார்த்து, “இந்த வருடப் புளியா?” என்று கேட்டார். ஓம் என்றேன்.