கெட்டிஸ்பர்க்கில் ஈயக்குண்டுகளைப் பார்க்க ஒரு சுற்று

அந்தக் காலத் துப்பாக்கிகளில் போட்ட கருமருந்து எரியும்போது பாதிக்கு மேல் வாயுவாக மாறுவதில்லை. கொஞ்சம் வெண்புகையாக வெளியே போகும், மிச்சம் கரியாகக் குழலுக்குள் அப்பிக்கொள்ளும். இதை மனதில் வைத்துக்கொண்டு அமெரிக்காவின் வட, தென் மாநிலங்கள் மோதிய உள்நாட்டுப் போரின் களமான, பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கைச் சுற்றினால், 1863 ஜூலை 1 முதல் 3 வரை அங்கே பறந்த குண்டுகள் ஏன் இத்தனை வடிவங்களில் இருந்தன என்பது விளங்கும். அந்தக் கரியைச் சமாளிக்க ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்.

களத்தைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் கிடையாது, அருங்காட்சியகத்துக்கு மட்டும் சீட்டு எடுக்க வேண்டும். முதலில் அருங்காட்சியகத்தை முடித்துவிட்டு, பிறகு காரில் களத்துக்குப் போவது நல்லது. உள்ளே சாலைகள் பெரும்பாலும் ஒருவழி. தவறவிட்ட இடத்துக்குத் திரும்பி வரச் சுற்ற வேண்டியிருக்கும்.

அருங்காட்சியகத்தில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது மினியே குண்டு. கூம்பு முனை, வெளியே மூன்று வளையப் பள்ளம், அடியில் குழிவு. வடபடையின் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியின் குழல் 0.58 அங்குலம், குண்டு அதைவிட ஒரு மயிரிழை சிறியது. அதனால்தான் கரி படிந்த குழலிலும் வாய்வழியாகச் சுலபமாக இறங்கியது. சுட்டதும் மருந்தின் அழுத்தம் அடிக்குழிவுக்குள் புகுந்து, மெல்லிய ஈய விளிம்பை வெளிப்பக்கமாக விரிக்கும்; விளிம்பு குழலின் சுருள் பள்ளங்களைக் கவ்வும், குண்டு சுழன்று போகும். கலப்பில்லாத மெத்தென்ற ஈயமாக இல்லாவிட்டால் விளிம்பு சரியாக விரியாது, குறி சிதறும். வளையப் பள்ளங்களில் இருந்தது தேன்மெழுகும் கொழுப்பும். கரியை இளக வைத்தது அதுதான். குண்டின் எடை ஏறத்தாழ 32 கிராம், மருந்து 4 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டை இறக்கி, கம்பியால் கெட்டித்து, கேப்பு (அடித்தால் நெருப்புப்பொறி தரும் சிறு மூடி) மாட்டி, பிறகு சுட வேண்டும். பழகியவர் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவார்.

தென்படையினர் பலரிடம் இருந்த என்ஃபீல்டின் குழல் 0.577 அங்குலம். வித்தியாசம் அற்பமாகத் தெரியும். ஆனால் 0.58-க்கு வார்த்த குண்டு, பல முறை சுட்டுக் கரியேறிய என்ஃபீல்டில் பாதி வழியில் இறுகிவிடும். என்ஃபீல்டு குண்டை ஸ்பிரிங்ஃபீல்டில் போட்டால் பிரச்சினை இல்லை. கரியைச் சுரண்டவே வில்லியம்ஸ் குண்டு என்று ஒன்று செய்தார்கள். அதன் அடியில் ஒரு துத்தநாக வட்டு. சுட்டதும் வட்டு தட்டையாகி, குழலைச் சுரண்டிக்கொண்டே வெளியேறும்.

அடுத்து நகருக்கு மேற்கே யூ.எஸ். 30 சாலை. முதல் நாள் காலை வடபடைத் தளபதி பியூஃபர்டின் குதிரைப்படை இந்தப் பக்கம்தான் தென்படையைத் தடுத்து நிறுத்தியது. அவர்கள் கையில் ஏழு தோட்டாவை நிரப்பி அடுத்தடுத்துச் சுடும் ஸ்பென்சர் துப்பாக்கி இருந்ததாக இன்னும் சொல்கிறார்கள். அது தவறு. அவர்களிடம் இருந்தவை ஷார்ப்ஸ், பர்ன்சைடு போன்ற, பின்பக்கம் திறந்து ஒவ்வொரு தோட்டாவாகப் போடும் கார்பைன்கள், அதாவது குட்டைத் துப்பாக்கிகள். பர்ன்சைடு தோட்டா ஐஸ்கிரீம் கோன் மாதிரி இருக்கும்: பித்தளைக் கூம்பு, வாயில் ஈயக்குண்டு, கேப்பின் நெருப்பு உள்ளே போக அடிநுனியில் ஊசித்துளை. அந்தத் துளை அடைத்துக்கொண்டால் கேப்பு வெடிக்கும், தோட்டா வெடிக்காது. ஸ்பென்சரின் செப்புத் தோட்டாக்கள் புழங்கியது மூன்றாம் நாள், நகருக்குக் கிழக்கே ஈஸ்ட் கேவல்ரி ஃபீல்டில், 5-வது மிச்சிகன் குதிரைப்படையிடம்.

சாலைக்கு வடக்கே ஓக் ஹில். அங்கே நிற்கும் இரண்டு விட்வொர்த் பீரங்கிகளின் வாயைக் குனிந்து பாருங்கள். துளை வட்டமாக இராது, அறுகோணமாக இருக்கும், உள்ளே போகப் போக முறுக்கிக்கொள்ளும். அதே முறையில் 0.451 அங்குலத் துப்பாக்கியும் உண்டு. அதன் நீண்ட அறுகோணக் குண்டு மினியேவைவிட வெகுதூரம் குறி தவறாமல் போகும். ஆனால் குண்டு துளையோடு ஒட்டிப் பொருந்த வேண்டியிருப்பதால், கரி படிந்தால் சீக்கிரம் முரண்டு பிடிக்கும். பொறுமையாகத் துடைத்துத் துடைத்துச் சுடும் தேர்ந்த குறிகாரனுக்கு மட்டுமே அது ஒத்துவரும்.

பிட்ஸர் காட்டுக்கு வந்தால் வடபடையைச் சேர்ந்த பெர்டனின் குறிகாரர்கள் நின்ற இடம். அவர்களுடைய ஷார்ப்ஸில் துணி அல்லது காகிதத் தோட்டா. குழலின் பின்பக்கத்தை அடைக்கும் இரும்புக் கட்டையை மூடும்போது அதன் விளிம்பு தோட்டாவின் வாலை நறுக்கிவிடும், மருந்து திறந்துகொள்ளும். கம்பி போட்டுக் கெட்டிக்கும் வேலையே இல்லை. மூடும் இடத்தில் சந்து இருந்தால் அதன் வழியே நெருப்பு பீறிடும் என்பது அதன் குறை.

களத்தில் கிடைத்த குண்டுகளைப் பார்க்கும்போது சில அடையாளங்களைக் கவனியுங்கள். எல்லாவற்றிலும் வெண்சாம்பல் பூத்திருக்கும், அது ஈயத்தின் துரு. பள்ளங்கள் கூர்மையாக இருந்தால் சுடாமல் கீழே விழுந்தது. முனையில் திருகாணி இறங்கிய ஓட்டை தெரிந்தால், வெடிக்காத குண்டைத் திருகு போட்டு வெளியே இழுத்திருக்கிறார்கள். பல் பதிந்தவற்றை வலி தாங்கக் கடித்தது என்பார்கள்; பெரும்பாலும் அவை பன்றிகள் மென்றவை. போருக்குப் பிறகு பொறுக்கிய 27,574 துப்பாக்கிகளில் சுமார் 24,000 சுடாமல் நிரப்பியபடியே கிடந்தன, அவற்றில் பாதியில் இரண்டு நிரப்பு என்றொரு கணக்கு உண்டு. கேப்பு மட்டும் வெடித்து உள்ளே மருந்து பிடிக்காமல் போயிருக்கும். சுற்றிலும் இரைச்சல், புகை. தன் துப்பாக்கி சுடவில்லை என்பதே தெரியாமல் அடுத்த தோட்டாவை மேலே கெட்டித்திருப்பார்கள். அதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. பூங்கா எல்லைக்குள் தோண்டுவதும் உலோகம் தேடும் கருவியைப் பயன்படுத்துவதும் குற்றம். கண்ணில் பட்டாலும் எடுக்காதீர்கள்.

கடைசியாக ஹான்காக் அவென்யூவில், பிரையன் வீட்டுக் களஞ்சியத்துக்குப் பக்கத்தில், 12-வது நியூஜெர்சி படையின் நினைவுக்கல். இவர்களிடம் இருந்தது சுருள் பள்ளம் இல்லாத 0.69 அங்குலப் பழைய துப்பாக்கி. அதன் தோட்டாவில் ஒரு பெரிய உருண்டையோடு மூன்று சிறு ரவைகள். உருண்டை குழலைவிட ஒரு மில்லிமீட்டர் சிறியது, எவ்வளவு கரி படிந்தாலும் இறங்கிவிடும். தூரத்தில் குறி நிற்காது, கிட்டத்தில் ஒரே வெடிக்கு நான்கு ஈயம். மூன்றாம் நாள் பெட்டிகுரூவின் தென்படையினர் கிட்ட வந்தபோது சிலர் தோட்டாவைப் பிரித்து, உருண்டையை எறிந்துவிட்டு, ரவைகளை மட்டும் அள்ளிப் போட்டுச் சுட்டதாகச் சொல்கிறார்கள். காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, கல்லின் உச்சியை அண்ணாந்து பாருங்கள். ஓர் உருண்டையும் மூன்று ரவைகளும் அங்கே செதுக்கப்பட்டிருக்கின்றன.