மாங்கூழ் கம்பெனியில் பேக்கப் கொள்கை எழுதிய அனுபவம்

கிருஷ்ணகிரி பக்கத்தில் மாங்கூழ் தயாரித்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் ஐ.டி. பொறுப்பு என்னுடையது. சர்வர்களும் கோப்புகளும் மொத்தமாகக் கிளவுடுக்குப் போன பிறகு, எதை எப்போது பேக்கப் எடுப்பது, எவ்வளவு காலம் வைத்திருப்பது, யார் அழிக்கலாம் என்பதையெல்லாம் எழுத்தில் கொண்டுவரும் வேலை என்னிடம் வந்தது. இதில் இறங்கினால் எல்லோரும் முதலில் கேட்பது "ஒரு நாளைக்கு எத்தனை தடவை எடுக்கணும்?" என்றுதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறொரு கேள்வி: ஒரு பதிவு காணாமல் போனால், அது போனது நமக்கு எப்போது தெரியவரும்?

கிளவுடுக்கு மாற்றிக் கொடுத்தவர்கள் கூடவே ஒரு பேக்கப் கொள்கையும் தந்தார்கள். தினமும் இரவு 12 மணிக்கு ஒன்று, வாரக் கடைசியில் ஒன்று, எல்லாம் 30 நாளில் தானாக அழிந்துவிடும். ஓசூரில் உதிரிபாகம் செய்யும் கம்பெனிக்கோ பெங்களூர் சாஃப்ட்வேர் ஆபீஸுக்கோ அது ஆரம்பத்துக்குப் போதும். எங்கள் வருடம் அப்படி ஓடுவதில்லை. மே கடைசியில் பெங்களூரா மாங்காய் வரத்து சூடுபிடித்தால் ஜூலை வரைக்கும், சில வருடம் ஆகஸ்ட் தொடக்கம் வரைக்கும், ராத்திரி பகல் பார்க்காமல் மெஷின் ஓடும். சந்தூர், காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, பர்கூர் என்று நாலா பக்கத்திலிருந்தும் லாரிகள் வந்து நிற்கும். அப்புறம் திடீரென்று எல்லாம் அடங்கி, மீதி வருடம் முழுக்க அந்த சில வாரங்களில் பதிவானதை வைத்துத்தான் பிழைப்பு: விற்பனை, ஏற்றுமதி ஆவணம், கணக்கு, தணிக்கை, வாங்கியவர்களின் கேள்விகள். ஜூனில் போன ஒரு பதிவை ஜனவரியில்தான் யாராவது தேடுவார்கள். 30 நாள் பேக்கப்பால் அதற்கு என்ன பயன்?

அதனால் வந்த கொள்கையை ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொரு பிரிவாகப் போய்க் கேட்டேன். கேட்டது இரண்டே விஷயம். கம்ப்யூட்டர் நின்றுவிட்டால் எவ்வளவு நேரத்துக்கு முந்தைய நிலை திரும்பக் கிடைத்தால் சமாளிப்பீர்கள்? அது கிடைக்கும் வரை எத்தனை மணி நேரம் காத்திருக்க முடியும்? எங்கள் துறையில் முன்னதை ஆர்.பி.ஓ. என்றும் பின்னதை ஆர்.டி.ஓ. என்றும் சொல்வோம், ஆனால் அந்தப் பெயர்களைச் சொல்லிக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

எடை மேடையில் இருக்கும் அண்ணாவிடம், "நேத்து ராத்திரி வரைக்கும் உள்ளது திரும்ப வந்தா போதுமாண்ணா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கையிலிருந்த சீட்டுக் கட்டைக் காட்டினார். வண்டி நம்பர், வந்த நேரம், மொத்த எடை, வண்டி எடை, நிகர எடை, அன்றைய விலை, கழிவு. "மேடம், லோடோட உள்ள போன வண்டி காலியாகி வெளிய வர்றதுக்கு சில சமயம் நாலு மணி நேரம் ஆகும். உள்ள போனப்ப போட்ட எடை அழிஞ்சு போச்சுன்னா, மாங்காய இறக்கின பிறகு எதை வெச்சு நான் சீட்டு குடுப்பேன்? விவசாயி சும்மா விடுவாரா?" என்றார். ஒரு கேள்வியில் விஷயம் முடிந்தது. இறக்கிய மாங்காய் அரைபட்டுக் கூழாகிவிடும், மறுபடி எடை போட முடியாது. நள்ளிரவு பேக்கப் இருந்தும், காலை பத்து மணிக்கு டேட்டாபேஸ் போனால் அந்தப் பத்து மணி நேரத்து லாரிகளுக்கு யாரிடமும் கணக்கு இருக்காது.

எடை மேடை எழுதும் டேட்டாபேஸ் அமேசான் கிளவுடின் ஆர்.டி.எஸ். சேவையில் ஓடுகிறது. அதில் தானியங்கி பேக்கப்பை இயக்கி வைத்தால், ஸ்னாப்ஷாட்டோடு (அந்த நேரத்து நிலையின் நகல்) அதற்குப் பிறகான மாற்றப் பதிவுகளும் தொடர்ந்து சேமிக்கப்படும். பெரும்பாலும் கடைசி ஐந்து நிமிடத்துக்கு முன்பு இருந்த நிலை வரைக்கும், நாம் சொல்லும் எந்த நேரத்துக்கும் திரும்பிப் போகலாம். ஆனால் அந்த வசதி அதிகபட்சம் 35 நாள்தான். சீசனில் நடக்கும் விபத்துக்கு அது போதும், ஜனவரியில் வரும் கேள்விக்குப் போதாது. இரண்டையும் ஒரே விதியால் சமாளிக்க முடியாது என்று புரிந்த பிறகுதான் கொள்கை உருப்பட ஆரம்பித்தது.

நீண்ட காலக் கணக்கை முடிவு செய்ய எனக்கு ரொம்ப உதவியது லேப். கிருமிநீக்கிய பையில் அடைத்து, 200 கிலோவுக்கு மேல் பிடிக்கும் டிரம்மில் வைக்கும் கூழ், ஃப்ரிட்ஜ் இல்லாமலே 18 முதல் 24 மாதம் வரை தாங்கும். அதாவது இந்த வருடம் அடைத்த டிரம்மை ஐரோப்பாவிலோ வளைகுடாவிலோ ஒருவர் அடுத்த வருடக் கடைசியில் திறக்கலாம். திறந்து பார்த்து பிரிக்ஸ் (சர்க்கரை அளவு) குறைவு என்றோ பூச்சிமருந்து எச்சம் இருக்கிறது என்றோ சொன்னால், அந்த பேட்ச் நம்பரை வைத்து எந்த ஷிப்ட், எந்த டாங்க், எந்த லாரி, எந்தத் தோட்டம் என்று பின்னாலேயே போய்க் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் ஒரு டிரம்மின் குறை மொத்த கண்டெய்னரின் குறையாகிவிடும். ஆகவே பேட்ச் பதிவுகளுக்கு, சரக்கின் ஆயுள் முடிந்து அதற்கு மேலும் ஒரு வருடம் என்று வைத்தோம். இந்த எண்ணை லேப் பொறுப்பாளர்தான் சொன்னார். நானாக உட்கார்ந்து எழுதியிருந்தால் ஒரு வருடம் என்று போட்டு முடித்திருப்பேன்.

கணக்குப் பிரிவுக்குச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. கம்பெனிகள் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். கணக்கை எலக்ட்ரானிக் முறையில் வைத்திருந்தால் அதன் பேக்கப் இந்தியாவில் இருக்கும் சர்வரில் இருக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்த பேக்கப்பை தினசரி எடுக்க வேண்டும். ஜி.எஸ்.டி.க்கு, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம். எங்கள் கணக்குப் பிரிவு மூத்தவர் இதை விரல் நுனியில் வைத்திருக்கிறார். நான் போய் நின்றதும், "ஏம்மா, இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் என்னைக் கேக்கத் தோணுச்சா?" என்றார், நியாயமான கேள்வி.

கிளவுடை மும்பை ரீஜனில், அதாவது அமேசானின் மும்பை டேட்டா சென்டர்களில், வைத்திருக்கிறோம். 2022 நவம்பரில் ஹைதராபாத்திலும் அமேசானின் ரீஜன் வந்துவிட்டதால் இரண்டாவது பிரதி அங்கே போகிறது, சட்டத்துக்கும் சரியாக இருக்கிறது. ஒரே வளாகத்தில் மூலமும் பிரதியும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2021 மார்ச்சில் பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.ஹெச். என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்ததைச் சொல்லலாம். பேக்கப்பும் அங்கேயே இருந்த வாடிக்கையாளர்கள் சிலருக்கு எதுவும் மிஞ்சவில்லை.

நான் அதிகம் வாதாட வேண்டியிருந்தது கூகுள் டிரைவ் விஷயத்தில். "அதான் கிளவுடுல இருக்கே, அதுக்கு எதுக்கு இன்னொரு பேக்கப்?" என்று எல்லா மட்டத்திலும் கேட்டார்கள். டிரைவில் அழித்தால் குப்பைக்கூடையில் 30 நாள் இருக்கும். அதிலிருந்தும் போன பிறகு அட்மின் 25 நாள் வரை மீட்கலாம். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை நீக்கினால் 20 நாளுக்குள் மீட்க வேண்டும். இந்த எண்களை எங்கள் வருடத்தோடு வைத்துப் பாருங்கள். சீசனுக்கென்று எடுக்கும் தற்காலிக ஊழியர்கள் ஆகஸ்டில் போய்விடுவார்கள். அவர்கள் கணக்கை உடனே நீக்குவோம், லைசென்ஸ் காசு மிச்சம். அவர்களுடைய டிரைவில் தனியாகக் கிடந்த தரப் பரிசோதனைத் தாள்களை யாராவது கேட்கும்போது பொங்கல் வந்திருக்கும். கூகுள் தன் பக்கம் சாதனம் பழுதானால் நம் கோப்பைக் காப்பாற்றும், நாமே அழித்ததைக் காப்பாற்றும் பொறுப்பு அதற்கு இல்லை என்று இந்தத் தேதிகளைப் போர்டில் எழுதிக் காட்டிய பிறகுதான் தனி பேக்கப்புக்குச் சம்மதம் கிடைத்தது. கூடவே ஒரு விதி சேர்த்தோம்: சீசன் ஊழியரின் கணக்கை நீக்கும் முன் அதிலிருப்பது பொது டிரைவுக்கு மாறியாக வேண்டும், அதற்கு அந்தப் பிரிவுத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்புறம், பேக்கப்பை யாரிடமிருந்து காப்பது என்ற கேள்வி. 2014 ஜூனில் கோட் ஸ்பேஸஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கணக்கில் ஒருவன் புகுந்து, சர்வரோடு பேக்கப்பையும் சேர்த்து அழித்தான். அந்த நிறுவனம் மூடப்பட்டது. மூலமும் பிரதியும் ஒரே சாவியில் திறந்தால் இதுதான் நடக்கும். அதனால் எங்கள் பேக்கப் வால்ட், அதாவது பேக்கப்புகளை வைக்கும் பெட்டகம், தனி அமேசான் கணக்கில் இருக்கிறது. தினசரி வேலைக்கு நான் பயன்படுத்தும் லாகினால் அதைத் தொட முடியாது. அதற்கு மேல் வால்ட் லாக் போட்டோம். கம்ப்ளையன்ஸ் முறையில் பூட்டினால், குறைந்தது மூன்று நாள் அவகாசம் முடிந்த பிறகு, குறித்த காலம் வரை யாராலும் அழிக்க முடியாது, கணக்கின் உரிமையாளராலும் சரி, அமேசானாலும் சரி. இதில் கவனம் வேண்டும். எட்டு வருடம் என்று பூட்டிவிட்டு, பிறகு மனம் மாறினாலும் எட்டு வருடமும் காசு கட்டியாக வேண்டும். எல்லாப் பிரிவும் தங்கள் எண்ணுக்குக் கையெழுத்துப் போடும் வரை நான் பூட்டைத் தொடவில்லை.

செலவைப் பற்றி முதலாளி கேட்டது சரியான கேள்வி. ஐந்து நிமிடக் கணக்கில் திரும்பும் வசதி எடை மேடைக்கும் கொள்முதலுக்கும் மட்டும்தான், மற்றவற்றுக்கு தினசரி ஒன்று போதும். சீசன் முடிந்ததும் ஒரு முழு பிரதியை எடுத்து அந்த வருடத்தின் பெயரில் நீண்ட காலத்துக்கு வைக்கிறோம். சேமிப்பு வகையில், அடிக்கடி எடுக்காத டேட்டாவுக்கான மலிவான கோல்டு ஸ்டோரேஜுக்குப் போனால் குறைந்தது 90 நாள் கட்டணம் உண்டு என்பதால், சீக்கிரம் அழியப் போவதை அங்கே அனுப்பக் கூடாது.

இனி ரீஸ்டோர், அதாவது பேக்கப்பிலிருந்து மீட்பது. சாஃப்ட்வேர் எழுதுபவர்கள் தங்கள் கோடை வைக்கும் கிட்லாப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததை எங்கள் குழுவில் எல்லோரையும் படிக்கச் சொன்னேன். தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டு பேக்கப்பைத் தேடினால், வெர்ஷன் பொருந்தாததால் பேக்கப் வேலை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலும் தடுக்கப்பட்டு யாருக்கும் போகவில்லை. வேறொரு காரணத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஸ்னாப்ஷாட் ஒன்றுதான் காப்பாற்றியது. அதைப் படித்த பிறகு, "வெற்றி" என்று வரும் மின்னஞ்சலை நம்புவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஏப்ரலிலும் மாங்காய் வரும் முன் நிஜமாகவே மீட்டுப் பார்க்கிறோம்.

முதல் ஒத்திகையில் டேட்டாபேஸ் நன்றாகவே திரும்பி வந்தது. ஆனால் ஆர்.டி.எஸ்.ஸில் மீட்டால் பழைய இடத்திலேயே வராது, புது முகவரியில் புது டேட்டாபேஸாக வரும். எடை மேடை சாஃப்ட்வேருக்கு அந்த முகவரியைச் சொல்ல வேண்டும், அது எந்தக் கோப்பில் இருக்கிறது என்று அந்த நேரத்தில் தேடக் கூடாது. அதைச் சரிசெய்துவிட்டு கணக்கு மூத்தவரை உட்காரவைத்து, போன வருடச் சீட்டு ஏதாவது ஒன்றைத் திறக்கச் சொன்னோம். எடை வந்தது, விலை வந்தது, விவசாயி கையெழுத்துப் போட்ட சீட்டின் ஸ்கேன் படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். அவர் அடுத்த சீட்டைத் திறந்தார், அதுவும் அப்படியே. படங்களெல்லாம் சாஃப்ட்வேர்காரர்கள் புதிதாகச் சேர்த்த வேறொரு டிஸ்க்கில் இருந்தன. எங்கள் பேக்கப் திட்டம் டேக் (ஒவ்வொன்றுக்கும் நாம் ஒட்டும் அடையாளக் குறி) பார்த்துத்தான் எடுக்கும், அந்த டிஸ்க்குக்கு டேக் போடப்படவில்லை. ஆகவே எந்த ராத்திரியும் அது பேக்கப்பில் சேரவே இல்லை, எந்த எச்சரிக்கையும் வரவில்லை, ஏனென்றால் தோற்பதற்கு அங்கே ஒரு வேலையே இல்லை. இப்போது டேக் இல்லாமல் எதையும் உருவாக்க முடியாதபடி தடை இருக்கிறது. அதுபோக, கிளவுடில் உள்ளதையும் பேக்கப்பில் உள்ளதையும் ஒப்பிட்ட பட்டியல் திங்கட்கிழமைதோறும் என் மேசைக்கு வருகிறது. மீட்டதைத் திறந்து பார்ப்பவர் ஐ.டி. ஆளாக இருக்கக் கூடாது என்பதையும் அன்றைக்கே கொள்கையில் எழுதிவிட்டேன். நான் பார்த்திருந்தால் டேட்டாபேஸ் திறக்கிறது என்பதோடு எழுந்திருப்பேன்.

இப்போது என் மேசையில் இருப்பது எதிர்ப்பக்கக் கேள்வி. விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண், பாஸ்புக் நகல், ஆதார் நகல் எல்லாம் கொள்முதல் கோப்புகளோடு பேக்கப்பில் போகிறது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிந்த தனிநபர் விவரத்தை, வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாத வரை, அழிக்கச் சொல்கிறது. கணக்குப் புத்தகத்துக்கு எட்டு வருடம் வேண்டும் என்பதற்காக, ஒரே ஒரு சீசன் மாங்காய் கொடுத்த ஒருவரின் ஆதார் நகலையும் எட்டு வருடம் பூட்டி வைப்பது சரியில்லை. என்னை நம்பி அவர் கொடுத்தது அது. அதனால் நகல்களைத் தனி இடத்துக்குப் பிரித்து, பூட்டாத வால்ட்டில் குறைந்த காலத்துக்கு மட்டும் வைக்கப் போகிறோம். பணம் பட்டுவாடா ஆன பிறகு எத்தனை மாதம் அவை தேவை என்று கணக்குப் பிரிவிடம் கேட்டிருக்கிறேன். ஒத்திகைக்கு முன் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.