இரண்டு ஜோடி கண்மலர்

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து 48 நாள் ஆனதும் போன் வந்தது. "வர்ற செவ்வாய்க்கிழமை வைத்தீஸ்வரன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ. வேண்டிக்கிட்டிருக்கேன்." செவ்வாயன்று கூட்டம் தாங்காதே, புதன்கிழமை போகலாமா என்றேன். "செவ்வாய் பகவான் அங்காரகனைப் புதன்கிழமை போய்ப் பார்க்கவா?" அதற்கு மேல் என்ன பேசுவது? திங்கட்கிழமை சோழன் எக்ஸ்பிரஸில் மயிலாடுதுறை போய் இறங்கினேன். 1982-லேயே ஊர்ப் பெயரை மாற்றிவிட்டார்கள். அம்மாவுக்கு இன்னும் மாயவரம்தான்.

தீபாவளிக்குப் பார்த்ததைவிட இளைத்திருந்தாள். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது.

மறுநாள் கோயில் வாசலில் கார் கதவைத் திறப்பதற்குள் நாடி ஜோசிய ஆட்கள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். கட்டைவிரல் ரேகை போதும் சார், ஓலை எடுத்துடலாம் சார். வேண்டாம் என்றால் விட்டால்தானே! ஒருவர் செருப்பு விடும் இடம் வரைக்கும் கூடவே வந்தார். அம்மா நின்று திரும்பினாள். "எனக்கு 78 வயசாச்சுப்பா. இனிமே என்னத்தைப் பார்க்கப் போறே, போன ஜென்மத்தையா?" "அதுவும் பார்க்கலாம்மா" என்றார் அவர் சளைக்காமல்.

சித்தாமிர்தக் குளத்தில் வெல்லம் கரைத்தோம். சின்ன வயதில் இந்தப் படியில் உட்கார்ந்து ஒரு தவளையாவது கண்ணில் படாதா என்று மணிக்கணக்காகத் தேடியிருக்கிறேன். சதானந்த முனிவர் சாபம், இந்தக் குளத்தில் தவளையே இருக்காது என்று எத்தனை முறை சொன்னாலும் நம்பாத வயது. இப்போதும் கண் தானாகத் தேடியது.

உள்ளே வரிசை நகரவே இல்லை. சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கியும் பயனில்லை, கொஞ்ச தூரத்தில் இரண்டு வரிசையும் ஒன்றாகிவிட்டது. அம்மாவால் அரைமணிக்கு மேல் நிற்க முடியாது. பின்னால் இருந்தவர் முழங்கையால் இடித்துக்கொண்டே வந்தார். ஒருதரம் தடுமாறி விழப் பார்த்தாள். நான் பிடிப்பதற்குள் முன்னால் நின்ற ஒரு பெண் தாங்கிக்கொண்டு, "என்மேல சாஞ்சுக்குங்கம்மா" என்றாள். வைத்தியநாதர் சந்நிதி, செல்வமுத்துக்குமரன் சந்நிதி, எல்லா இடத்திலும் அந்தத் தோள்தான். நன்றி சொல்லத் தேடினால் ஆளைக் காணோம். அவளுக்கு ஒரு குறையும் வரக் கூடாது, தாயே.

தையல்நாயகி முன்னால் குருக்கள் தீபத்தை உயர்த்தினார். அம்மா கைகூப்பவில்லை. வாய் லேசாகத் திறந்திருக்க, வலது கண்ணை மூடிக்கொண்டு ஆபரேஷன் செய்த கண்ணால் மட்டும் பார்த்தாள். "மூக்குத்திடா" என்றாள். "எத்தனை வருஷமா வெறும் வெளிச்சமாத்தான் தெரிஞ்சுது. இப்ப கல்லு தெரியுது." கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. கண்ணைத் துடைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, துடைக்காமலே நின்றாள். எனக்கு வேண்டிக்கொள்ள ஒரு பட்டியலே இருந்தது. ஒன்றும் வாயில் வரவில்லை.

அப்புறம் உண்டியல் பக்கத்தில் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கண்ணுக்கு வேண்டிக்கொண்டு காணிக்கை போடும் வெள்ளிக் கண்மலர், இரண்டு ஜோடி.

"ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு அண்ணிக்கு."

எனக்கு ஒரு நிமிடம் யாரென்றே புரியவில்லை. அண்ணி என்றால் ரத்த உறவு இல்லை. மாயவரத்தில் எங்கள் எதிர்வீடு. அவர் வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருந்தார். எனக்கு அம்மை போட்டபோது தங்கையை 20 நாள் வைத்துச் சோறு போட்டவர் அந்த அத்தை. பிறகு ஏதோ சீட்டுப் பணத் தகராறு, அவர்கள் சீர்காழிக்குக் குடிபோனார்கள். 22 வருஷமாகப் பேச்சு இல்லை. சர்க்கரை நோயில் அவருக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று அம்மா யார் மூலமோ கேள்விப்பட்டிருக்கிறாள். ஆபரேஷன் தியேட்டரில் படுத்துக்கொண்டே இருவருக்குமாக வேண்டியிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள்.

கோயில் பிரசாதமான திருச்சாந்து உருண்டை வாங்கிக்கொண்டு நேராகச் சீர்காழி. சட்டைநாதருக்குக் காரிலிருந்தே ஒரு கும்பிடு. மன்னித்துக்கொள்ள வேண்டும் அவர்.

அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "நான்தான் அண்ணி" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"வெயில்ல ஏன் நிக்கறே, உள்ள வா."

சீட்டுப் பணத்தைப் பற்றி இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. காபி வந்தது. திருச்சாந்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அத்தை, "அம்பாளுக்கு இன்னிக்கு என்ன புடவை?" என்று கேட்டார்.

"அரக்குப் பட்டு அண்ணி. பச்சைக் கரை. மூக்குத்தி அப்படியே ஜொலிச்சுது" என்று ஆரம்பித்தாள் அம்மா.

எனக்கென்னவோ மஞ்சள் புடவை என்றுதான் ஞாபகம். வாயைத் திறக்காமல் காபியைக் குடித்தேன்.