தவக்கால நாட்குறிப்பு: கோடும் புள்ளியும்

மார்ச் 5, 2025, திருநீற்றுப் புதன் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தின் முதல் நாள்)

"இந்தத் தவக்காலம் முழுக்கப் பொறுமையாக இருப்பேன்" என்று பொத்தாம்பொதுவாக நேர்ந்துகொண்டால் ஞாயிறு வரைகூட நிற்காது. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ (1548இல் அச்சானது) சொல்லும் தனி ஆன்மசோதனையில், அதாவது நம் குறையை நாள்தோறும் எண்ணிப் பார்க்கும் பயிற்சியில், ஒரு சமயத்தில் ஒரே ஒரு குறைதான். ‘கோபம்’ என்று எழுதினால் எண்ண முடியாது. ‘பள்ளி வேன் வரும் நேரத்தில் பிள்ளையை அதட்டுவது’ என்று எழுதினால் எண்ணலாம்.

இன்னொன்று, நோன்பென்று காபியை ஒரேயடியாக விட்டால் மறுநாள் தலைவலி. அந்த எரிச்சலும் இந்தக் கணக்கில் ஏறிவிடும். இன்று தொடங்குகிறவர்கள் வேறெதையாவது ஒறுக்கட்டும்.

மார்ச் 6, வியாழன்

நோட்டில் ஒரு பக்கம் போதும். ஏழு நாளுக்கு ஏழு சோடிக் கோடுகள். மேல்கோடு மதியம் வரை, கீழ்க்கோடு இரவு வரை. எழுந்ததும் இன்று எந்தக் குறையிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்று ஒரு வரி வேண்டுதல். மதியச் சாப்பாட்டுக்குப் பின் காலையிலிருந்து மணிக்கு மணி நினைத்துப் பார்த்து, சறுக்கிய ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி. இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னும் அப்படியே. ஐந்து நிமிடம் ஆகும்.

சறுக்கிய அந்த நொடியிலேயே கையை நெஞ்சில் வைத்து வருந்த வேண்டும். கூட்டத்துக்கு நடுவிலும் யாருக்கும் தெரியாமல் செய்யலாம் என்கிறார் இஞ்ஞாசியார். பலர் விட்டுவிடுவது இதைத்தான். இரவு வரை தள்ளிப்போட்டால் பாதி மறந்துபோகும், மீதிக்கு நியாயம் கிடைத்துவிடும்.

மார்ச் 9, ஞாயிறு

புள்ளிகள் கூடியிருந்தால் பயம் வேண்டாம். முன்பு கண்ணில் படாதது இப்போது படுகிறது. கீழ்க்கோட்டை மேல்கோட்டோடும், இன்றை நேற்றோடும், வாரத்தை வாரத்தோடும் ஒப்பிடுவதுதான் முறை. மூலத்தில் இல்லாத ஒரு சேர்க்கை: புள்ளிக்குப் பக்கத்தில் மணியைக் குறியுங்கள். எல்லாம் காலை 7.40இல் குவிந்தால், ஜெபத்தோடு சீருடையை முந்தின இரவே தேய்த்து வைப்பதும் தேவை.

மார்ச் 12, புதன்

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் பொறுமைக்கு முக்கியமாக இரண்டு சொற்கள். மனிதர்கள்மேல் சட்டென்று சினம் கொள்ளாதது மக்ரோதுமியா. பாரத்தின் கீழ் நிலைத்து நிற்பது ஹுபொமோனே. கலாத்தியர் 5:22இல் வருவது முதலாவது. பழைய மொழிபெயர்ப்பின் ‘நீடியபொறுமை’ அதை அழகாகப் பிடிக்கிறது. உரோமையர் 5:3இல் வருவது இரண்டாவது. ஒரே பக்கத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்: மின்வெட்டு வேறு, மைத்துனர் வேறு.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று நாள் பேசாமலிருப்பதைப் பொறுமை என்று சொல்லிக்கொள்வோர் உண்டு. அதுவும் சினம்தான், ஒரு புள்ளி. பொழுது சாய்வதற்குள் சினம் தணியட்டும் என்கிறது எபேசியர் 4:26. இரவுச் சோதனைக்கு முன்பே அந்த ஆளிடம் ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது.

மார்ச் 19, புனித யோசேப்பு விழா

இரண்டு வாரம் ஆனதும் வறட்சி வரும். நோட்டைத் தொடவே பிடிக்காது. இதற்கு இஞ்ஞாசியாரிடம் இரண்டு மருந்து: சோர்ந்த வேளையில் முன்னர் எடுத்த முடிவை மாற்றக்கூடாது, குறித்த ஜெப நேரத்தைக் குறைக்காமல் சற்றே கூட்ட வேண்டும். ஐந்து நிமிடம் என்றால் இன்று ஆறு. குற்ற உணர்வு மட்டுமே மிஞ்சுகிறவர்கள் நன்றியில் தொடங்கட்டும். ஒரே குறையை அல்லாமல் நாள் முழுவதையும் பார்க்கும் பொது ஆன்மசோதனையின் முதல் படியும் அதுதான்.

சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் ஒப்புரவுக்குப் போகும்போது இந்தப் பக்கம் உதவும். "கோபப்பட்டேன் சாமி" என்பதைவிட "இரண்டு வாரத்தில் 31 தடவை, பெரும்பாலும் காலையில், பிள்ளையிடம்" என்று சொன்னால் சாமியாருக்கும் சொல்ல ஏதாவது கிடைக்கும்.