ஓமப்பூ, புதினாப்பூ, டைபினைல் அமீன்

ஊட்டி டிரெயின்ல போனீங்கன்னா அருவங்காடு வரும், அங்கதான் கார்டைட் பேக்டரி. சின்னதுல அப்புச்சி கூட்டிட்டு போறப்ப "வெடிமருந்து செய்யற எடம் சாமி"ன்னு கை காட்டுவாரு. இப்ப நான் கோயமுத்தூர்ல ஒரு லேப்ல உக்காந்து அந்த மாதிரி வெடிமருந்து கெடாம இருக்க போடற டைபினைல் அமீனை அளந்துட்டு இருக்கேன், மருந்து எங்ககிட்ட இல்லீங்க, பயப்படாதீங்க, தண்ணில அமீனை கலந்து வெச்சுத்தான் பழகறோம்.

விஷயம் என்னன்னா இந்த வெடிமருந்துல முக்கியமா இருக்கற நைட்ரோசெல்லுலோஸ் சும்மா குடோன்ல கெடந்தாலே மெல்ல ஒடைஞ்சு நைட்ரஜன் ஆக்சைடு விடும், அந்த வாயு இன்னும் வேகமா ஒடைக்கும், சூடேறி கடைசில தானா பத்திக்கும். 1911ல பிரான்சுல துலோன் துறைமுகத்துல நின்ன லிபெர்த்தே போர்க்கப்பல் இப்படி கெட்டுப்போன பவுடராலதான் வெடிச்சுது. டைபினைல் அமீன் மாதிரி ஸ்டெபிலைசர் அந்த வாயுவை புடிச்சு வெச்சுக்கும், புடிக்க புடிக்க அதுவும் தீந்துட்டே வரும், அதான் மிச்சம் எவ்வளவுன்னு அப்பப்ப பாக்கறது. கார்டைட்ல மொதல்ல 5 சதம் வாசலின் போட்டது பீரங்கிக் குழல் தேயாம இருக்கத்தான், அதுவே ஸ்டெபிலைசராவும் வேலை செஞ்சது அதிர்ஷ்டம்.

பழைய முறைல அமீனை பிரிச்செடுக்க சாக்ஸ்லெட்டுங்கற கண்ணாடிக் கருவில டைகுளோரோமீத்தேன் ஊத்தி மணிக்கணக்கா ஓட்டணும். இப்ப 2006ல ஈரான்காரங்க கொண்டாந்த முறை ஒண்ணு, அதுல வந்த ஒரு மாத்தத்தைத்தான் நாங்க செய்யறோம், மெத்தனால்ல கலந்த டோடெக்கனால்ங்கற எண்ணெய் ஒரு சொட்டை சிரிஞ்சுல சர்ருனு அடிச்சா டியூப் பூரா நீராகாரம் மாதிரி வெளுத்துரும், அமீன் எல்லாம் அந்த எண்ணெய்க்குள்ள போயிரும், சென்ட்ரிப்யூஜ்ல சுத்தி ஐஸ்ல வெச்சா மேல மெதக்கற சொட்டு ஒறைஞ்சுக்கும், ஸ்பேச்சுலாங்கற சின்னக் கரண்டில நோண்டி எடுத்து, அளந்து சொல்ற எச்பிஎல்சி மெஷினுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

ஆனா டோடெக்கனால் 24 டிகிரில உருகும், நம்ம தேங்காண்ணெய் மாதிரியே. சித்திரை மாசம், ஏசி ரிப்பேரு, ஸ்பேச்சுலால எடுத்து சின்ன கண்ணாடி பாட்டிலுக்கு கொண்டு போறதுக்குள்ள சொட்டு வழுக்கி மேசைல! மூணு நாள் வேலை போச்சு. அப்புறம் ஸ்பேச்சுலா, பாட்டில் எல்லாத்தையும் ஐஸ்லயே போட்டு வெச்சோம்.

இன்னொண்ணு, இதை சுற்றுச்சூழலை கெடுக்காத பச்சை முறைனு பெருமையா சொல்லிக்கறாங்க, ஆனா நெசப் பவுடர்ல இருந்து அமீனை வெளிய இழுக்க முன்னாடியே ஏதாவது சால்வென்ட்டுல ஊற வெச்சாகணும், அதையும் கணக்குல சேக்கணும்ல.

அடுத்து டோடெக்கனாலுக்கு பதிலா மென்தாலும் (புதினாப்பூ) தைமாலும் (ஓமப்பூ). ரெண்டும் கட்டி, கலந்தா தண்ணியாயிரும். அட, அம்மிச்சி ஓமப்பூ, புதினாப்பூ, பச்சைக்கற்பூரம் மூணையும் பாட்டில்ல போட்டு குலுக்கி தலைவலிக்கு வெச்சிருந்தாங்களே, அதேதான்! இப்ப லேப் பூரா தைல வாசம், சளி புடிச்சா பக்கத்து ரூம்காரங்க இங்க வந்து நிக்கறாங்க.