மரக்காலும் சாணும்: எட்டு மாதத்தில் ஒன்றே முக்கால் பாட்டு

கிறிஸ்தவ ஆராதனைப் பாட்டு எழுதிப் பழக ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. கையில் தேறியது ஒன்றே முக்கால் பாட்டு. அந்த முக்கால் எப்படி வந்தது என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

முதல் நாலு மாதம் வேதத்தைத் திறக்காமலே எழுதினேன். கீபோர்டில் தெரிந்த நாலு கார்டு (chord), அதன்மேல் கண்ணீர், தனிமை, 'நீரே போதும்'. ஒரு நாள் சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு பாட்டில் வந்த 'நான், என், எனக்கு' எல்லாவற்றையும் சுழித்துப் பார்த்தேன். 16 வரியில் 22 சுழி. கர்த்தர் வந்த இடங்களும் எனக்கு ஏதாவது செய்து கொடுக்க வந்தவைதான். சங்கீதங்களிலும் 'நான்' நிறைய உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தாவீது அங்கேயே பாய் விரித்துப் படுத்துவிடுவதில்லை.

அதற்குப் பிறகு ஒரு முறை வைத்துக்கொண்டேன்: வேதத்தில் வாரத்துக்கு ஒரே அதிகாரம், தினமும் சத்தமாக வாசிக்க வேண்டும், பேனாவைத் தொடக்கூடாது. முதலில் யோபு 38. "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" என்று தொடங்கி கர்த்தர் யோபிடம் கேள்விமேல் கேள்வி கேட்கிறார். யோபு கடைசியில், 40ஆம் அதிகாரத்தில், கையால் வாயைப் பொத்திக்கொள்கிறான். நானும்தான். அந்த வாரம் பாட்டு ஒன்றும் வரவில்லை.

அடுத்தது ஏசாயா 40. மூன்றாம் நாள் 12ஆம் வசனத்தில் நின்றுவிட்டேன். தண்ணீர்களைக் கைப்பிடியால் அளக்கிறார், வானங்களை ஜாணளவாய்ப் பிரமாணிக்கிறார், மண்ணை மரக்காலில் அடக்குகிறார். 'நீர் பெரியவர்' என்று நான் எத்தனை பாட்டில் எழுதியிருப்பேன்! ஏசாயா அந்தச் சொல்லை எடுக்காமலே, நெல் அளக்கிற பாத்திரத்தை நீட்டிவிட்டுப் போகிறார். என் கையை விரித்துச் சாண் போட்டுப் பார்த்தேன். மேஜையின் அகலத்துக்கே நாலு சாண் வேண்டியிருந்தது. அன்று ராத்திரி வந்த பல்லவி:

கடல் அத்தனையும் உமக்கொரு கைத்தண்ணீர்
வான் அத்தனையும் உமக்கொரு சாண்

முதலில் 'ஜாணளவு' என்றுதான் முடித்திருந்தேன். பாடிப் பார்த்தால் கடைசி 'வு' குறில், நீட்ட இடமில்லை, ராகம் தொங்குகிறது. 'சாண்' என்றதும் 'ஆ'வில் தாராளமாக நிற்க முடிந்தது. எழுத்தில் நன்றாக இருப்பது வாயில் நன்றாக இருக்கும் என்று நம்பியே நாலு மாதத்தைத் தொலைத்திருக்கிறேன்.

சரணம் ஒரு மாதம் இழுத்தது. "மண்ணை மரக்காலில் அளந்தவரே, என்னை எதில் அளந்தீர்?" என்ற வரி வந்துவிட்டது. பதில் வரவில்லை. சங்கீதம் 8ல் "அவன் எம்மாத்திரம்" என்ற கேள்வி இருக்கிறதே என்று அங்கே போய்த் தேடிக்கொண்டிருந்தேன். பதில் ஏசாயா 40லேயே, ஒரு வசனம் மேலே இருந்தது. 11ஆம் வசனம்: ஆட்டுக்குட்டிகளைப் புயத்தினால் சேர்த்து மடியிலே சுமக்கிறார். கடலை அள்ளுகிற கையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், அதே ஆள் குட்டியைத் தூக்கி வைத்திருக்கிறார். 12ஐ மட்டும் தனியாகப் பிய்த்து வாசித்ததால் இத்தனை நாள் கண்ணில் படவில்லை. உடம்பு சிலிர்த்தது; எழுதவும் கொஞ்ச நேரம் ஆனது.

என்னை எதில் அளந்தீர்? – அளக்காமல்
மடியில் எடுத்துக்கொண்டீர்

போன வாரம் பாடகர் குழுவில் பாடிக் காட்டினேன். கீபோர்டு வாசிக்கிற தம்பி, "அக்கா, வரி நல்லாயிருக்கு, மூச்சு விட எங்கேயாவது இடம் கொடுங்க" என்றான். சரணத்தில் ஒரு அடியையே வெட்டிவிட்டேன்.

பாக்கியிருப்பது இரண்டாம் சரணம். 15ஆம் வசனத்தில் ஜாதிகள் "ஏற்றச்சாலில் தொங்கும் துளிபோல" என்று இருக்கிறது. அந்த 'ஏற்றச்சால்' (ஏற்றத்தில் தண்ணீர் இறைக்கிற பாத்திரம்) எந்தத் தாளத்திலும் உட்கார மாட்டேன் என்கிறது. விடவும் மனசில்லை. இன்று காலையும் சத்தமாக வாசித்தேன்.